நலவாழ்வுப் பகுதி: நீர் சொல்லும் குறி

வீட்டில் வெளிப்படையாகப் பேசத் தயங்கும் நோய்களைப் பற்றியும் இப்பகுதியில் எழுதவேண்டும் என அன்பர் சிலர் கேட்டிருந்தனர். அவர்தம் விருப்பத்தை ஏற்று, ஆடவர் பெரும்பாலும் வாய் திறந்து சொல்லாத நோயொன்றை இத்திங்கள் எடுத்துக்கொண்டோம். அது சிறுநீர்ப்பையில் தோன்றும் புற்றுநோய்.

நம் சித்த மருத்துவர்கள் நோயறிய எண்வகைத் தேர்வு வகுத்திருந்தனர். நாடி, தொடு உணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், நீர் என்பன அவை. நீரின் நிறத்தையும் மணத்தையும் நுரையையும் எடையையும் நோக்குவதற்கு ‘நீர்க்குறி’ என்று பெயர். நல்லெண்ணெய்த் துளியொன்றை அந்நீரில் விட்டு, அது பாம்பாக நீள்கிறதா, மோதிரமாக வளைகிறதா, முத்தாக நிற்கிறதா எனப் பார்ப்பது ‘நெய்க்குறி’. இம்முறையால் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம் என்று நாம் சொல்லவரவில்லை. உடலை அறுக்காமல், அது தானே வெளியேற்றும் நீரிடம் செய்தி கேட்கலாம் என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று என்பதையே நினைவூட்டுகின்றோம். இன்றைய ஆய்வாளர்கள் அதே நீரில் புரதங்களையும் உதிர்ந்த உயிரணுக்களையும் மரபணுவின் பிழைகளையும் தேடுகின்றனர். இவற்றையும் நாம் நீர்க்குறிகள் என்றே அழைப்போம்.

முதலில் நாம் நேரில் அறிந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் வேண்டா. வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து இளமையில் பெங்களூர் வந்தவர். பட்டு நூலுக்குச் சாயம் தோய்க்கும் சிறு பட்டறைகளில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை செய்தவர். கை முழங்கை வரை நீலமும் சிவப்புமாக இருக்கும். அக்கையிலேயே பீடியும் புகையும். ஒரு சித்திரை மாதத்தில் அவருக்கு நீர் செந்நிறமாக இறங்கிற்று. வலி இல்லை, எரிச்சலும் இல்லை. “வெயில் காலம், சூடு பிடித்துக்கொண்டது” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். இளநீர் பருகினார், பார்லிக் கஞ்சி குடித்தார், நெருஞ்சிமுள் கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொன்னார். இரண்டு நாளில் நீர் தெளிந்தது. மருந்து பலித்ததாக மகிழ்ந்தார். மகனிடமோ மருமகளிடமோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. கார்த்திகையில் மீண்டும் செந்நீர், இம்முறை கட்டிகட்டியாக. மருத்துவமனையில் உள்நோக்கிப் பார்த்தபோது புற்று நீர்ப்பையின் தசைக்குள் இறங்கிவிட்டிருந்தது. நீர்ப்பையையே எடுக்கவேண்டியதாயிற்று. இன்று அவர் வயிற்றின் பக்கத்தில் பையொன்றைக் கட்டிக்கொண்டு வாழ்கின்றார். சென்ற பொங்கலன்று காணச் சென்றபோது நம்மிடம் சொன்னார்: “தம்பி, அன்றைக்கே என் மகனிடம் சொல்லியிருந்தால் போதும். மகனிடம் போய் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன்.”

சித்திரைக்கும் கார்த்திகைக்கும் இடைப்பட்ட அந்த ஏழு மாதங்களை மனத்தில் வைத்தே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

நீர்ப்பைப் புற்று உலகில் அரிய நோயன்று. ஆண்டுதோறும் ஏறத்தாழ 6 இலட்சம் பேருக்குப் புதிதாகக் காணப்படுகிறது. நம் நாட்டில் 20,000 பேர் அளவில் என்பது மதிப்பீடு. பெண்களை நோக்க ஆண்களுக்கு இது மூன்று நான்கு மடங்கு மிகுதி. ஐம்பத்தைந்தைத் தாண்டியவரிடமே பெரும்பாலும் தோன்றும். வாய், நுரையீரல், வயிறு ஆகியவற்றின் புற்றுகளைப் போல நம் ஊரில் இது முன்வரிசையில் நிற்பதில்லை. அதனாலேயே பலர் இதன் பெயரைக் கூடக் கேட்டதில்லை.

பெங்களூருக்கும் புற்றுநோய்க் கணக்கிற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஓசூர் சாலையில் உள்ள கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் 1973இல் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தில், மக்கள்தொகை அடிப்படையிலான பதிவேடுகள் 1982 முதல் பெங்களூர், சென்னை, மும்பை ஆகிய மூன்று நகரங்களில் எழுதப்பட்டு வருகின்றன. எந்தப் பகுதியில் எவருக்கு எந்தப் புற்று என்று நாற்பது ஆண்டுக்கு மேலாகக் குறித்துவரும் ஏட்டில் நம் குடும்பங்களின் துயரங்களும் எண்களாக இடம்பெற்றிருக்கும்.

இந்நோய் ஏன் வருகிறது? புகையிலையே முதற்காரணம். நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரின் நோய்க்குப் புகைபிடித்தலே பொறுப்பு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. புகைப்பவருக்கு வரும் வாய்ப்பு, புகைக்காதவரை விட ஏறத்தாழ மூன்று மடங்கு. ‘புகை நுரையீரலுக்கன்றோ செல்கிறது, நீர்ப்பைக்கு எப்படி வரும்?’ எனக் கேட்கலாம். புகையிலுள்ள நச்சுப்பொருள்கள் குருதியில் கலக்கின்றன. சிறுநீரகம் அவற்றை வடித்து நீரோடு நீர்ப்பைக்கு அனுப்புகிறது. அங்கே அவை மணிக்கணக்கில் தங்கி உட்சுவரைத் தீண்டிக்கொண்டேயிருக்கின்றன. வீட்டுக் குப்பை வாசலைக் கடந்துதானே வெளியே போகவேண்டும்? வாசலில் அது நெடுநேரம் கிடந்தால் வாசல் கெடும்.

இரண்டாவது காரணம் தொழில். 1895ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளரிடையே நீர்ப்பைக் கட்டிகள் தோன்றுவதை முதன்முதல் எடுத்துரைத்தார். 1938இல் ஹூப்பர் என்னும் ஆய்வாளர், சாயத் தொழிலில் பயன்பட்ட பீட்டா நாப்தைலமின் என்னும் பொருள் நாய்களுக்கு நீர்ப்பைப் புற்றை உண்டாக்குவதை மெய்ப்பித்தார். அதுவும் பென்சிடின் என்பதும் அரோமாட்டிக் அமின்கள் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவ்வினப் பொருள்கள் புகையிலைப் புகையிலும் உள்ளன. தீங்கான பல சாயங்களை நம் நாடு 1990களில் தடைசெய்துவிட்டது. ஆயினும் இந்நோய், விதைத்து இருபது முப்பது ஆண்டுக்குப் பின் முளைக்கும் இயல்புடையது. 1980களில் சாயத்தொட்டியில் கைவைத்தவருக்கு அத்தொட்டியின் கணக்கு இன்றும் முடிந்துவிடவில்லை.

பிழைப்புத் தேடி இந்நகர் வந்த நம் முன்னோர் செய்த தொழில்களை எண்ணிப் பார்ப்போம். படைமுகாம் அமைந்த காலந்தொட்டு அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் குடியேறியவர்களில் நெசவாளர், சாயக்காரர், வண்ணம் பூசுவோர், தோல் பதனிடுவோர், ரப்பர்ப் பொருள் செய்வோர், அச்சுக்கூடத்தார், வண்டிப் பட்டறைக்காரர் எனப் பலர். வண்ணம் பூசும் தொழிலும் ரப்பர் உற்பத்தித் தொழிலும் நீர்ப்பைப் புற்றோடு தொடர்புடையன என்பது பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் முடிபு. அவர்கள் நின்ற தொட்டிகளின் மேல் எழும்பிய வீடுகளில்தான் இன்று அவர்தம் மக்களும் பேரரும் கணிப்பொறிமுன் அமர்ந்து பணியாற்றுகின்றனர். தந்தையின் பழைய தொழில் இன்னது என்பதை மருத்துவரிடம் சொல்லவேண்டும் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தோன்றும்?

இனி நோயின் அடையாளத்திற்கு வருவோம். பெரும்பாலோரிடம் முதலில் தோன்றுவது வலியில்லாத குருதி. ஒருநாள் சிவந்து, மறுநாள் தெளிந்து, பல வாரம் மறைந்து, பின்னர் மீண்டும் வரும். தானே நின்றுபோவதுதான் அதன் வஞ்சகம். கண்ணுக்குத் தெரியும் குருதியோடு மருத்துவரை அணுகுவோரில் பத்தில் ஒருவர் முதல் ஐவரில் ஒருவர் வரை நீர்ப்பாதையில் புற்றுடையவராக இருக்கின்றனர். மற்றவர்க்குக் கல், கிருமித்தொற்று, சுரப்பி வீக்கம் முதலிய வேறு காரணங்கள் இருக்கும். நம் நாட்டில் காசநோய் சிறுநீரகத்தைத் தாக்குவதும் உண்டு. பீட்ரூட் உண்டாலும் காசநோய் மாத்திரையொன்றாலும் நீர் நிறம் மாறும். எது எதனால் என்று பிரித்தறிவது மருத்துவர் வேலை. நாமே சூடு என்று தீர்ப்புச் சொல்லிவிடலாகாது. இளநீரும் பார்லியும் நல்லவையே. தாகத்திற்குக் குடிப்போம், குருதிக்கு மருந்தாகக் கொள்ளவேண்டா.

மருத்துவர் என்ன செய்வார்? நீரை நுண்பெருக்கியில் பார்ப்பார். ஒலியலைப் படமோ அடுக்குப் படமோ எடுப்பார். பின்னர் மெல்லிய குழாய்க் கருவியொன்றை நீர்வழியே செலுத்தி நீர்ப்பையின் உட்புறத்தைக் கண்ணால் காண்பார். இவ்வுள்நோக்கியை மாக்சிமிலியன் நிட்சே என்பவர் 1879இல் வியன்னாவில் காட்டினார். இன்றும் முடிவான தேர்வு இதுவே. ஆயினும் பலருக்கு இதில் அச்சமும் கூச்சமும் உண்டு. சிறிது எரிச்சலும் சிலருக்குத் தொற்றும் நேரலாம். ஆகவே, நீரை மட்டும் தேர்ந்து நோயை அறிய முடியுமா என ஆய்வாளர் நெடுநாளாக முயன்று வருகின்றனர்.

முதல் வெற்றி 1945இல் கிட்டியது. கருப்பைவாய்த் தேர்வினால் பெயர்பெற்ற பாப்பனிகோலா, மார்ஷல் என்பாருடன் சேர்ந்து, நீரில் உதிரும் உயிரணுக்களைச் சாயமேற்றிப் பார்த்துப் புற்றைக் காணலாம் என்று காட்டினார். கொடிய வகைப் புற்றை அத்தேர்வு நன்கு பிடிக்கும்; மெல்ல வளரும் வகையைப் பெரும்பாலும் நழுவவிடும். அதன்பின் வந்தவை மூன்று வகை. முதலாவது, பெருகும் உயிரணுக்களின் கருவிலிருந்து கசியும் ‘என்.எம்.பி. 22’ என்னும் புரதத்தை அளப்பது. கல்லும் தொற்றும் இருந்தாலும் இது உயர்ந்து நம்மை ஏமாற்றும். இரண்டாவது, உதிர்ந்த அணுக்களில் குரோமோசோம்கள் எண்ணிக்கை பிறழ்ந்திருப்பதை ஒளிரும் சாயத்தால் காண்பது. மூன்றாவது, மரபணுவின் எழுத்துப்பிழைகளைப் படிப்பது. எஃப்.ஜி.எஃப்.ஆர். 3, டெர்ட் என்னும் இரண்டு மரபணுக்களில் ஏற்படும் பிழைகள் நீர்ப்பைப் புற்றில் அடிக்கடி காணப்படுகின்றன.

இம்மூன்றாம் வகையில் வியப்பூட்டும் செய்தி ஒன்று 2020இல் வெளிவந்தது. ஈரான் நாட்டுக் கோலஸ்தான் பகுதியில் 2004 முதல் 2008 வரை ஏறத்தாழ 50,000 பேரிடம் நீர் முதலியன பெற்றுக் குளிரில் காத்துவைத்திருந்தனர். பிற்காலத்தில் நீர்ப்பைப் புற்று வந்த 30 பேரின் பழைய நீரை எடுத்துப் பார்த்தபோது, 14 பேரிடம் டெர்ட் மரபணுப் பிழை முன்னரே இருந்தது; சிலரிடம் நோய் வெளிப்படுவதற்குப் பத்தாண்டு முன்பே. நோய் வராத 101 பேரில் ஒருவரிடமும் அப்பிழை இல்லை. மனிதன் நலமாகத் திரிந்துகொண்டிருக்கும்போதே அவன் நீர் அவன் நோயை எழுதி வைத்திருந்தது! ஆனால் மீதி 16 பேரின் நீர் ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

‘அப்படியானால் எல்லா ஆடவரும் ஆண்டுக்கொரு முறை இத்தேர்வைச் செய்துகொள்ளலாமே’ என அன்பர் கேட்பர். இங்கேதான் நாம் நிதானிக்கவேண்டும். கணக்காகப் பார்ப்போம். குருதி முதலிய குறி ஏதுமில்லாத 1000 பேரைக் கொள்வோம். அவர்களில் 5 பேருக்கு மறைந்த நோய் உண்டு என்றும், நோயுள்ள ஐவரில் நால்வரைத் தேர்வு கண்டுபிடிக்கும் என்றும், நோயற்ற பத்துப் பேரில் ஒருவரைத் தவறாகச் சுட்டும் என்றும் வைத்துக்கொள்வோம். தேர்வு சுட்டுவோர் 104 பேர். அவர்களில் மெய்யாக நோயுள்ளோர் 4 பேரே. நூறு குடும்பங்கள் வீண் அச்சத்தில் உறக்கம் இழக்கும். நூறு பேர் வீணே உள்நோக்கிக்கு உட்படுவர்.

இது வெறுங்கணக்கு அன்று. நெதர்லாந்தில் 50 முதல் 75 வயது வரையுள்ள ஆடவர் 6,500 பேரை அழைத்தனர். 2,000க்குச் சற்றுக் குறைவானோரே இசைந்தனர். வீட்டிலேயே நீரில் குருதி உண்டா எனப் பார்க்கச் செய்து, உண்டு என்று வந்தவரின் நீரில் மட்டும் மேற்சொன்ன குறிகளைத் தேடி, அக்குறியும் தென்பட்டவரையே உள்நோக்கினர். இவ்வாறு இரண்டு சல்லடையில் சலித்ததால் உள்நோக்கி வேண்டியவர் தொகை எழுபதளவில் நின்றது. எனினும் கண்ட நீர்ப்பைப் புற்றுகள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கின. அமெரிக்க நாட்டு நோய்த்தடுப்புக் குழுவும், குறியில்லாதவர் அனைவரையும் தேர்வதன் நன்மை தீமைகளை எடைபோடப் போதிய சான்று இல்லை என்று 2011இல் கூறிற்று.

மறுபுறம், குருதி கண்ட 1000 பேரைக் கொள்வோம். அவர்களில் 100 பேருக்கேனும் நோய் இருக்கும். அதே தேர்வு 80 பேரைக் கண்டுபிடிக்கும். ஆனால் 20 பேரை ‘நோயில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடும். ஆகவே, கண்ணுக்குத் தெரியக் குருதி போனவர் நீர்க்குறித் தேர்வில் குறியில்லை என்று வந்ததாலேயே அமைதி அடையலாகாது. உள்நோக்கி பார்த்தே தீரவேண்டும். அமெரிக்கச் சிறுநீரியல் கழகத்தின் நெறிமுறை, அறுபதைக் கடந்த ஆடவர், நாளொன்றுக்கு ஒரு பெட்டி சிகரெட்டாக முப்பது ஆண்டுக்கு மேல் புகைத்த அளவுடையவர், குருதியைக் கண்ணால் கண்டவர் ஆகியோரை மிகுந்த இடர்ப்பாடுடையவர் வரிசையில் வைக்கின்றது. நடுத்தர இடர்ப்பாடு உடையவர் உள்நோக்கியைத் தவிர்க்க விரும்பினால், மருத்துவரோடு கலந்து நீர்க்குறித் தேர்வை மேற்கொள்ளலாம் என்று 2025ஆம் ஆண்டுத் திருத்தம் இடங்கொடுக்கின்றது. நோயுற்றுத் தேறியவரை ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பதிலும் இக்குறிகள் துணைசெய்கின்றன. ஏனெனில் இந்நோய் மீண்டும் மீண்டும் தலைகாட்டும் இயல்பினது. நாளை இன்னும் நம்பத்தக்க குறிகள் வரலாம். இன்று அவை வழிகாட்டிகளே, நீதிபதிகள் அல்ல.

ஆகவே, முழு உடற்பரிசோதனை என்ற பெயரில் விளம்பரப்படும் தேர்வுப் பட்டியல்களைக் கண்டு எவரும் பணத்தை இறைக்கவேண்டா. அதே வேளையில் குருதி கண்டவர் ஒருநாளும் தாமதிக்கவேண்டா.

அஞ்சவும் வேண்டா. நான்கில் மூன்று பங்கினர்க்கு நோய் தசையைத் தொடுமுன்பே காணப்படுகிறது. அந்நிலையில் நீர்வழியே கருவி செலுத்திக் கட்டியைச் சுரண்டி எடுத்துவிடலாம், நீர்ப்பை தப்பும். மீண்டும் வராமல் தடுக்க, காசநோய்க்குக் குழந்தைகட்குப் போடும் பி.சி.ஜி. மருந்தையே நீர்ப்பைக்குள் செலுத்துகின்றனர். கனடா நாட்டு மருத்துவர் மொராலஸ் 1976இல் எடுத்துரைத்த முறை இது. சென்னைக் கிண்டியில் 1948இல் பி.சி.ஜி. ஆய்வகம் அமைந்தபோது, அம்மருந்து ஒருநாள் புற்றுநோய்க்கும் உதவும் என்று யார் எண்ணியிருப்பர்? தசைக்குள் இறங்கியபின் பாதை கடினமாகிவிடுகிறது. இரண்டு நிலைக்கும் இடையே உள்ளது பெரும்பாலும் நாம் வீணாக்கும் காலந்தான்.

அயலூரில் வாழும் நம் இல்லங்களுக்குச் சில சொற்கள். முதலாவது, வீட்டிலுள்ள பெரியவர் இளமையில் என்ன தொழில் செய்தார், எத்தனை ஆண்டு, புகைத்தாரா என்பவற்றை ஒரு தாளில் எழுதி மருத்துவச் சீட்டுகளோடு வைத்துக்கொள்க. மருத்துவர் கேட்காவிடினும் காட்டுக. இரண்டாவது, மொழி தெரியவில்லை என்று தயங்கற்க. ‘மூத்ரதல்லி ரக்த பந்திதே’ என்னும் மூன்று கன்னடச் சொற்கள் போதும். அவ்வளவில் மருத்துவருக்கு எல்லாம் விளங்கிவிடும். மூன்றாவது, அரசு காப்பீட்டு அட்டை கர்நாடகத்தில் பெற்றதா, ஊரில் பெற்றதா, இங்குள்ள மருத்துவமனையில் செல்லுமா என்பதை நோய் வருமுன்பே விசாரித்து வைக்க. நான்காவது, பெண்டிருக்கும் இந்நோய் உண்டு. அவர்தம் குருதியை மாதவிலக்கென்றோ தொற்றென்றோ எண்ணிக் காலம் கடத்துவது மிகுதி. ஐந்தாவது, புகைப்பவர் இன்றே நிறுத்துக. நிறுத்திய நாளிலிருந்து ஆண்டு செல்லச் செல்ல இடர் குறைகின்றது.

எல்லாவற்றிலும் தலையாயது கூச்சத்தை விடுவது. நம் வீடுகளில் தந்தையும் மகனும் வரவுசெலவு பேசுவர், அரசியல் பேசுவர். உடம்பைப் பற்றிப் பேசமாட்டார். ஊரில் இருந்தால் திண்ணையில் அமர்ந்து ஒத்த வயதினரிடமேனும் சொல்லியிருப்பர். இங்கே அடுக்குமாடியில் அந்தத் திண்ணையும் இல்லை. அதனால் கேட்கும் கடமை இளையோருடையது ஆகின்றது. இவ்விதழை வாங்கியவர் இப்பக்கத்தைத் தாமே படித்துவிட்டு மடித்துவைக்கவேண்டா. வீட்டுப் பெரியவரிடம் படித்துக் காட்டுக. காட்டியபின், “அப்பா, உங்களுக்கு என்றைக்காவது இப்படி வந்ததுண்டா?” என்று மெல்லக் கேட்க.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தால், எழுந்துவிடாமல் பக்கத்தில் அமர்ந்திருக்க.